ஆசிரியர் திருத்தமா, சக மாணவர் கருத்தா?

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பழகும் மாணவர்கள் யாருடைய திருத்தத்தை விரும்புகிறார்கள்? இரண்டு ஆய்வுகள் நேரெதிர் விடை தருவதுபோலத் தோன்றும். 1995-இல் ஆய்வாளர் ஜாங் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் படித்த 81 மாணவர்களில் ஏறத்தாழ 94 சதவீதம் பேர் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். 1998-இல் ஜேக்கப்ஸ் குழுவினர் ஹாங்காங்கிலும் தைவானிலும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 121 பேரிடம் கேட்டார்கள். 93 சதவீதம் பேர் சக மாணவர் கருத்தும் வேண்டும் என்றார்கள்.

முரண்பாடு கேள்வியில்தான் இருக்கிறது. ஜாங் கேட்டது, இதுவா அதுவா என்று. ஜேக்கப்ஸ் குழு கேட்டது, மற்றவற்றோடு இதுவும் இருக்கட்டுமா என்று. சோறா குழம்பா என்று கேட்டால் யாரும் சோற்றைத்தான் சொல்வார்கள்; அதற்காகக் குழம்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை.

இலக்கணத்தில் சக மாணவரை நம்பலாமா என்ற மாணவர்களின் சந்தேகம் நியாயமானது. வினைச்சொல்லின் காலத்தில் எனக்குத் தெரியாத பிழை பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாமல் போகலாம். 2006-இல் சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் யாங், பேட்ஜர், யூ மூவரும் இரு வழிகளையும் ஒப்பிட்டபோது, ஆசிரியர் குறிப்புகளே அதிகம் ஏற்கப்பட்டன. எழுத்தும் அதிகம் மேம்பட்டது. ஆனால் அந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை மேலோட்டமானவை. சக மாணவர் படித்த கட்டுரைகளில்தான் பொருளையே மாற்றி எழுதும் திருத்தங்கள் கூடுதல் பங்கு வகித்தன. ஆசிரியர் சொன்னால் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுகிறோம். நண்பர் "இந்தப் பத்தி புரியலையே" என்றால் வாதாடுகிறோம், அந்த வாதத்தில் நாம் சொல்லவந்தது நமக்கே தெளிவாகிறது.

கூச்சம் இன்னொரு தடை. கார்சனும் நெல்சனும் 1996-இல் கவனித்த சீன மாணவர்கள், குழுவின் இணக்கம் கெடக்கூடாது என்று குறை சொல்லவே தயங்கினார்கள்.

என் மனத்தை மாற்றியது லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் இருவரின் 2009 ஆய்வு. ஒரு பிரிவு பிறர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்ல மட்டுமே பழகியது. மற்றது பெற்ற கருத்தைக் கொண்டு திருத்த மட்டுமே பழகியது. கருத்துச் சொன்னவர்களின் எழுத்தே அதிகம் முன்னேறியது, அதுவும் தொடக்கநிலை மாணவர்களிடம் தெளிவாக. "அவனுக்கு என்ன தெரியும்?" என்று முகம் சுளிக்கும் மாணவர், தனக்குக் கிடைக்கும் குறிப்பை மட்டுமே எடைபோடுகிறார். தான் குறிப்பெழுதும்போது வரும் லாபம் அவர் கணக்கில் வருவதேயில்லை. இதை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே உடைத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் தேர்வு இது: முதல் வரைவு சக மாணவரிடம், எங்கே புரியவில்லை, எங்கே இன்னும் சான்று வேண்டும் என்ற இரண்டே கேள்விகளோடு. இலக்கணம் இரண்டாம் வரைவில், ஆசிரியரிடம். மதிப்பெண் போடும் வேலையை மட்டும் மாணவர் கையில் கொடுக்கவே வேண்டாம்.