காங்கேசன்துறையில் கப்பல் இறங்கிக் கடலோரம் கார் ஓட்ட நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை: நான் இழந்த 46,800 ரூபாய்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய், அங்கே ஒரு வாடகைக் காரை எடுத்து நானே ஓட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்துக் கடலோரத்தையும் மன்னாரையும் நான்கு நாளில் பார்த்து வரலாம் என்று திட்டமிட்டேன். அந்தக் காருக்காக முன்கூட்டியே அனுப்பிய 46,800 ரூபாயை முழுவதுமாகப் பறிகொடுத்து ஊர் திரும்பி இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இதே பயணத்துக்கு யாராவது இப்போது கார் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் கோபம் தணிவதற்கு முன்பே எழுதுகிறேன்.

இந்தப் பயணம் என் அம்மாவுக்காகப் போட்டது. அவருக்கு 74 வயது. அவருடைய அப்பா, 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்பு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், ரயிலையும் கப்பலையும் இணைத்து ஓடிய போட் மெயிலில் போய் வந்தவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த அம்மா, கீரிமலையில் நகுலேஸ்வரத்தையும் மன்னாருக்கருகில் திருக்கேதீஸ்வரத்தையும் ஒரே பயணத்தில் கும்பிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்றுபோன நாகப்பட்டினக் கப்பல் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியபோதே இந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடலைச் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் அது ஆட்களை மட்டுமே ஏற்றும் கப்பல் என்பதால் நம்முடைய காரைக் கொண்டுபோக முடியாது. இறங்கியபின் எதில் போவது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது, ஏமாற்றுபவர்கள் காத்திருக்கும் இடமும் அதுதான்.

வழியை நானே வரைபடத்தைப் பார்த்து வகுத்திருந்தேன். துறைமுகத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில், கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி இருக்கிறது. அங்கிருந்து கரையை ஒட்டி மாதகல், சம்பில்துறை, பொன்னாலை என்று போய், கடலுக்கு நடுவே இட்ட சாலையில் காரைநகருக்குள் நுழைந்து கசூரினா கடற்கரையைப் பார்க்கலாம். காரைநகர் முனையில் காரோடு ஏறிக்கொள்ளும் மிதவை ஒன்று ஊர்காவற்றுறைக்கு ஓடுகிறது. அதை அங்கே ‘பாதை’ என்றே சொல்கிறார்கள். அதில் அக்கரை சேர்ந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் வரை போய், பண்ணைப் பாலத்தின் வழியே மாலை வெயிலில் யாழ்ப்பாண நகரத்துக்குள் திரும்புவது முதல் இரண்டு நாள் திட்டம். மூன்றாம் நாள் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாக ஏ 32 சாலையில் மன்னார் போய், திருக்கேதீஸ்வரம் கும்பிட்டு, தலைமன்னார் முனையில் அம்மாவை நிறுத்தித் தாத்தா வந்திறங்கிய கடலைக் காட்டிவிட்டு, மறுநாள் திரும்ப வேண்டும். இவ்வளவையும் பேருந்திலும் ஆட்டோவிலும் செய்வது முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு முடியாத காரியம்.

வாடகைக் கார் உரிமையாளர்களையும் பயணிகளையும் இணைத்து வைக்கும் ஓர் இடைத்தரகுச் செயலியில் இந்தக் கார் எனக்குக் கிடைத்தது. செயலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெள்ளை நிறச் சிறிய கார், நாளுக்கு 6,000 இந்திய ரூபாய், காங்கேசன்துறை முனையத்தின் வாசலிலேயே சாவி ஒப்படைக்கப்படும் என்று போட்டிருந்தது. முன்பதிவு செய்த அரை மணி நேரத்தில் ஓர் இளைஞர் அழைத்தார்.

அந்த அழைப்பைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் பணத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவோடு வருகிறேன், அவருக்கு முழங்கால் வலி என்றதும், “அப்ப முன்சீற்றைப் பின்னுக்குத் தள்ளி விடுறன் அண்ணா, அம்மா காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றார். ஏறி இறங்க ஒரு சிறிய மரப்படியும் வண்டியில் வைத்துவிடுவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துத் தமிழில், என் அம்மாவின் காலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசும் ஒருவர் திருடராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிடத்திலிருந்து நான் எதையும் சரிபார்க்கவில்லை.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிக் கேட்டபோதும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இலங்கையில் நாம் கார் ஓட்ட வேண்டுமானால், இங்கே வாங்கிப் போகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. அதன் மேல் அந்த நாட்டின் ஒப்புதலோ தற்காலிக உரிமமோ பெற வேண்டும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒப்புதலுக்குக் கொழும்புக்கு அலைய வேண்டாம், உங்கள் அனுமதியின் நகலை அனுப்பினால் நாங்களே 4,800 ரூபாயில் முடித்து, தாளைக் காருக்குள் வைத்துவிடுவோம் என்றார். நான்கு நாள் வாடகை 24,000, உரிம வேலைக்கு 4,800, காரைத் திருப்பி ஒப்படைக்கும்போது கையில் தருவதாகச் சொன்ன வைப்புத் தொகை 18,000 என மொத்தம் 46,800 ரூபாய் ஆனது. செயலி வழியாகக் கட்டினால் செயலிக்காரர்களுக்குத் தரகாக ஒரு பங்கு போய்விடும், வைப்புத் தொகை திரும்பி வரவும் ஒரு மாதம் பிடிக்கும், ஆகவே செயலியில் முன்பதிவை ரத்து செய்துவிட்டு நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்று அவர் சொன்னது அப்போது எனக்கு நியாயமாகப் பட்டது. ரத்து செய்யும் பொத்தானை நானே அழுத்தினேன், அவர் கொடுத்த இந்திய வங்கிக் கணக்குக்கு 46,800 ரூபாயை நானே அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் இருப்பதாகச் சொன்னவரின் எண் இலங்கைக்குரிய 94 என்று தொடங்காமல் இந்தியாவுக்குரிய 91 என்று தொடங்கியதைக்கூட, இந்திய வாடிக்கையாளர்களின் வசதிக்காக வைத்திருப்பதாக அவர் சொன்னவுடன் ஏற்றுக்கொண்டேன்.

காங்கேசன்துறையில் இறங்கிக் குடிவரவுச் சோதனை முடித்து வெளியே வந்தபோது, மற்றவர்களை அழைத்துப் போக வந்த வேன்கள் வரிசையாக நின்றன. எங்கள் கார் மட்டும் இல்லை. அழைத்தேன். “வெளிக்கிட்டிட்டம் அண்ணா, இன்னும் இருபது நிமிசம்” என்றார். நாற்பது நிமிடம் கழித்து அழைத்தபோது தெல்லிப்பழையில் டயர் பஞ்சர் என்றார். அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து மணி மட்டும் அடித்தது, பிறகு அதுவும் அடிக்கவில்லை. வேன்கள் எல்லாம் போய்விட்டன. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், சாலையில் வெள்ளை நிறத்தில் எது வந்தாலும் எழுந்து நின்றார். மூன்று மணி நேரம் அப்படிப் போயிற்று.

செயலியின் உதவிப் பகுதிக்கு அங்கிருந்தே எழுதினேன். முதலில் ஓர் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு வந்த மனிதர், உங்கள் முன்பதிவு உங்களாலேயே ரத்து செய்யப்பட்டுள்ளது, ஆகவே எங்கள் பதிவேட்டில் உங்களுக்குப் பயணமே இல்லை என்றார். 46,800 ரூபாய் அனுப்பிய ரசீதைக் காட்டினேன். செயலிக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார். அந்த ஆள் உங்கள் செயலியில் பதிந்தவர்தானே, அவருடைய முகவரியையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, பயனாளர்களின் தனியுரிமையைக் காப்பது எங்கள் கொள்கை என்று பதில் வந்தது. என்னிடம் பொய் சொல்லிப் பணம் பறித்தவரின் தனியுரிமை அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. உரையாடலை அவர்களாகவே முடித்துவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த நாள் புதிதாக எழுதினேன், வேறு பெயருள்ள ஒருவர் அதே வரிகளை அதே வரிசையில் திருப்பி அனுப்பினார். மின்னஞ்சலுக்கு ஏழு வேலை நாளில் பதில் வரும் என்ற தானியங்கிப் பதிலோடு அதுவும் நிற்கிறது.

வங்கியில் கேட்டபோது, ரகசிய எண்ணை நீங்களே இட்டு அனுப்பிய பணத்தை நாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் அரசின் இணையதளத்தையும் எனக்குச் சொன்னவர் என் தங்கை. நான் புகார் பதிந்தது இரண்டு நாள் கழித்து. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்குவதற்குத்தான் அந்த எண் இருக்கிறது, அனுப்பிய சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதற்குப் பலன் அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பணம் அனுப்பியதோ பயணத்துக்குப் பத்து நாள் முன்பு. அந்தப் பத்து நாளும் அவர் என்னை அன்பாக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தது எதற்காக என்று இப்போது விளங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் எனக்கு ஒரு பயண அட்டவணையும் அனுப்பியிருந்தார், அழகான படங்களோடு. யாழ்ப்பாணத்து விடுதியில் இரவு தூக்கம் வராமல் அதை மறுபடி படித்தேன். காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே பருத்தித்துறை வரை கடலோரமாகவே தடையின்றிப் போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. இடையில் பலாலி விமான நிலையமும் அதைச் சுற்றி நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாக அடைத்து வைத்திருந்த நிலமும் இருக்கின்றன. பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வரும் அந்தப் பக்கத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று உள்ளூரில் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சங்குப்பிட்டியில் காரைப் படகில் ஏற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அங்கே பாலம் திறந்தது 2011இல். அந்த ஊரில் ஒரு நாளாவது கார் ஓட்டிய யாரும் இப்படி எழுத மாட்டார்கள். பாலம் இருப்பது எனக்கே தெரியும், என் திட்டத்திலேயே அது இருந்தது. அந்த அட்டவணையைப் பணம் அனுப்புவதற்கு முன்பு ஐந்து நிமிடம் கவனமாகப் படித்திருந்தால் 46,800 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்து மக்களைப் பற்றிய குறையாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முனைய வாசலில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டோக்காரர்தான், “அம்மாவை எவ்வளவு நேரம் வெயிலுக்க வச்சிருக்கப் போறியள்” என்று சொல்லிக் கீரிமலைக்கு அழைத்துப் போனார். அம்மா கேணியில் இறங்கிக் காலை நனைத்து நகுலேஸ்வரரைக் கும்பிட்டு வரும் வரை காத்திருந்து, மாலையில் யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து விட்டார். கையில் இருந்த பணத்தில் மறுநாள் ஓட்டுநரோடு ஒரு காரை அமர்த்திக் காரைநகரும் ஊர்காவற்றுறையும் பார்த்தோம். மன்னாருக்குப் போகப் பணம் போதவில்லை. திருக்கேதீஸ்வரத்தை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இதற்கு மேல் பொறுமையில்லை. தோன்றியவரை சொல்லிவிடுகிறேன். செயலியில் பதிந்ததைச் செயலிக்கு வெளியே கொண்டுபோகச் சொல்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், முன்பதிவை நீங்களாக ரத்து செய்யவும் செய்யாதீர்கள். உரிம ஒப்புதலை வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அதை நேரில் முறையாகப் பெற நேரமில்லையென்றால் ஓட்டுநரோடு காரை அமர்த்துங்கள், பணத்தை வண்டியில் ஏறியபின் கொடுங்கள். வானிலையால் கப்பலே நின்றுபோகலாம் என்பதால் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டும் எந்த ஏற்பாடும் வேண்டாம். பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்த உடனே 1930.

அந்தக் காரின் விளம்பரம் நேற்று இரவும் செயலியில் இருந்தது, உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வெள்ளைக் கார், இடப்பக்க முன்விளக்குக்குக் கீழே ஒரு கீறல், பின்னால் பனையோலை வேலி. நாளுக்கு 6,000 ரூபாய், காங்கேசன்துறை முனையத்தில் ஒப்படைப்பு என்று போட்டிருக்கும். அதைப் பார்த்தால் தொடாதீர்கள், அதே படம் உங்களுக்கும் வந்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.