கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடருக்கு எந்த கேம்பர் வேன் சரிவரும்? சில வருடம் ஓட்டிய அனுபவம்

கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுத்துத் தங்குகிற வேன், வாங்கலாமா என்று விசாரிக்கிற எல்லோரும் எடுத்தவுடன் அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலைப் பக்கம் குடியிருக்கிறேன், மாருதி ஈகோ வேனில் படுக்கை போட்டுக்கொண்டு சில வருடங்களாக இந்த மலையைச் சுற்றி வருகிறேன். எந்த ரோட்டில் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு முதலில் வண்டியின் அகலத்தைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அப்புறம்.

வத்தலக்குண்டு வழியாக ஏறி, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டு இறங்குவதோடு சரி என்றால் ஃபோர்ஸ் டிராவலர் மாதிரி மினிபஸ் அளவு வண்டியே தாராளமாக வரும். பூம்பாறை தாண்டி மன்னவனூர், கூக்கால் என்று போகிறவர்களுக்கும், பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏற நினைக்கிறவர்களுக்கும் கதை வேறு. மன்னவனூருக்கு பஸ்ஸே போகிறதே என்பீர்கள், போகிறது, ஆனால் அந்த டிரைவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். எதிரே காய்கறி லோடு பிக்கப் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும், மழைக்காலத்தில் ரோட்டோர மண் இளகிக் கிடக்கும், அங்கே சக்கரத்தை இறக்க யாருக்கும் மனசு வராது. ஈகோவின் அகலம் 1475 மில்லிமீட்டர், நீளம் 3675. நான் இதை எடுத்ததே இந்த இரண்டு எண்களுக்காகத்தான். இன்னொன்று, இது பின்சக்கரம் இழுக்கிற வண்டி, ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும்போது பிடிமானம் கூடுகிறது.

இன்ஜினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எந்த இன்ஜினுக்கும் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீத சக்தி குறையும், காற்று மெலிதாகிவிடுவதுதான் காரணம். கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் வண்டிக்குள் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவையும் யோசித்துத்தான் ஏற்றுகிறேன். பெரிய தண்ணீர் டேங்க், மர அலமாரி எல்லாம் வேண்டாம். இறங்கும்போதும் பாரம்தான் பிரேக்கைச் சூடாக்கும், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

உள்வேலை விஷயத்தில் ஒரு பட்டறையில் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு நிரந்தரமாகக் கட்டில் அடித்துத் தருகிறோம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. என்னுடையது மடக்குகிற பிளைவுட் பலகை. ராத்திரி விரித்தால் கட்டில், காலையில் மடித்துக் கீழே இறக்கிவிடலாம். முழு கேரவன்தான் வேண்டும் என்றால் முறையாக அனுமதி பெற்று, ஆர்சி புத்தகத்திலும் அப்படியே பதிவாகி வருகிற வண்டியாக வாங்குங்கள்.

குளிரைச் சமாளிப்பதுதான் இங்கே பெரிய வேலை. டிசம்பர், ஜனவரியில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு இரண்டு பேர் படுத்தால் மூச்சின் ஈரம் படிந்து விடியும்போது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்து, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடம் விட்ட பிறகுதான் எனக்கு அது நின்றது. குளிருக்கு நல்ல கம்பளிதான் வழி. தயவுசெய்து கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ வண்டிக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும்.

சமையலை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேக குக்கர் கட்டாயம். சின்ன கேன் அடுப்புகளில் பியூட்டேன் மட்டும் இருந்தால் உறைபனிக் காலையில் எரியத் திணறும், புரொப்பேன் கலந்தது பரவாயில்லை. சோலார் தகட்டை நம்பி வராதீர்கள், மேகம் இறங்கினால் நாள் முழுக்க வெயில் முகம் தெரியாது, வண்டி ஓடும்போதே பேட்டரி ஏறுகிற மாதிரி வயரிங் செய்துகொள்வது மேல்.

தங்குவதற்கு வனத்துறை நிலத்தில் வண்டியைப் போடக் கூடாது, பேரிஜம் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். நான் யாராவது தோட்டக்காரரிடம் கேட்டு, காசு கொடுத்து அவர் பட்டா நிலத்தில்தான் நிறுத்துகிறேன். ராத்திரி வண்டி ஓட்டுவதே இல்லை, வளைவு திரும்பினால் காட்டுமாடு நிற்கும். கெமிக்கல் டாய்லெட் வைத்திருப்பவர்கள் அதை ஓடையில் கொட்டாமல் வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டுங்கள், இந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்களுக்கு நான் ஈகோவைச் சொல்ல மாட்டேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, முட்டி வலி இருக்கிறவர்கள் குனிந்தே ஏறி இறங்க வேண்டும். அவர்களுக்கு டிராவலரில் செய்த கேரவன்தான் சரி, அதைக் கொடைக்கானலில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு பூம்பாறைக்கு உள்ளூர் ஜீப் பிடித்துப் போய் வாருங்கள்.