எடை குறைந்த லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 42,500 ரூபாய் போன கதை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கணக்கு எழுதும் வேலை. பழைய லேப்டாப் பையோடு சேர்த்து மூன்று கிலோ. இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வரும் நாட்களில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். வீட்டில் மகள் படிப்புக்கும் அதுதான். கையடக்கமாக ஒன்று வாங்கலாம் என்று என் சீட்டுப் பணத்தையும், அப்பா குறுவை நெல் விற்று வைத்திருந்த பணத்தையும் சேர்த்து எடுத்துப் போனேன். மொத்தம் 42,500 ரூபாய்.

கடையின் பெயர் வேண்டாம். தஞ்சாவூரில் லேப்டாப் விற்று, பழுதும் பார்க்கிற கடை. "தூக்கிப் பாருங்கள் அக்கா, 1.2 கிலோதான்" என்று கையில் கொடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை என் கண்ணெதிரே பிளேடால் கீறித் திறந்தார். அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் நம்பினேன். "பில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடும், உங்களுக்கு எதற்கு?" என்றார். அதற்கும் சரி என்றேன். வெள்ளைத் தாளில் 42,500 என்று எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்.

நான்காம் நாள், முழு சார்ஜ் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. அலுவலகத்துத் தம்பி திருப்பிப் பார்த்தான். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தது. ஒன்று வேறு நிறம். பேட்டரி அறிக்கை எடுத்தால், 612 முறை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது. சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டோம். வாரண்டி 2023-லேயே முடிந்துவிட்டது! யாரோ உழைத்துக் கழித்ததைப் புதுப்பெட்டியில் வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

முதல் முறை போனபோது, "சாஃப்ட்வேர் கோளாறு அக்கா, வைத்துவிட்டுப் போங்கள்." இரண்டாம் முறை, "முதலாளி திருச்சிக்குப் போயிருக்கிறார்." மூன்றாம் முறை அக்கா போய் மேடம் வந்துவிட்டது. "புதியது என்று எங்கே எழுதியிருக்கிறது மேடம்? பில்லைக் காட்டுங்கள்." வயிறு எரிகிறது. அப்பா சேற்றில் நின்று சம்பாதித்த பணம் அது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணைக் கடையிலேயே சரிபாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். என்னைப் போல ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்) பிறகு கூட்ட முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. எங்கள் மாவட்டம் திருவாரூர், திங்கட்கிழமை அங்கே போகிறேன். அந்த வெள்ளைத் தாளும், கீறிய ஸ்டிக்கரோடு பெட்டியும் என்னிடம்தான் இருக்கின்றன.