திராட்சை பிழியும் பிரஸ் வாங்கவிருப்போர் கவனத்திற்கு: என் 480 டொலர் போன விதம்

பிழிந்து நான்கு நாளாகியும் என் நகக்கண்களில் திராட்சைக் கறை போகவில்லை; சாடியிலிருக்கும் வைனிலோ இரும்பு வாடை வீசுகிறது. வீட்டில் வைன் செய்வதற்கென, மரக்கூடைக்குள் பழத்தை இட்டுத் திருகாணியால் இறுக்கிப் பிழியும் கூடைப் பிரஸ் ஒன்றை இணையத்தில் வாங்கி 480 டொலரை இழந்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் புரட்டாதி பிறந்தால் கலிபோர்னியாத் திராட்சை 36 இறாத்தல் பெட்டிகளில் வந்து இறங்கும். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரிடம் கேட்டுப் பழகி, இம்முறை நானும் நான்கு பெட்டி சின்பண்டல் என்ற கருந்திராட்சை வாங்கி, நசுக்கி, தோலோடு எட்டு நாள் நொதிக்க விட்டிருந்தேன். சிவப்பு வைனுக்குப் பழத்தைப் பிழிவது நொதித்த பிறகுதான் என்பதால், பிரஸ் சரியில்லையென்றால் அதுவரை பட்ட பாடு முழுவதும் அதோடு போய்விடும்.

விற்றவர் நம்மவர், யாரும் எதையும் விற்கக்கூடிய ஒரு தளத்தில் விளம்பரம் போட்டிருந்தார். காணொளி அழைப்பில் வந்து, கூடையின் பீச் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டினார். சாறு வடியும் வார்ப்பிரும்புத் தட்டுக்கு என்ன பூசியிருக்கிறது என்று கேட்டேன். “சாப்பாட்டுச் சாமானுக்குப் பூசிற எப்பொக்சிதான் அண்ணை. என்ர வீட்டிலயும் இதுதான் நிக்குது. பிழையெண்டால் நானே வந்து மாத்தித் தருவன்” என்றார். “அண்ணை” என்ற அந்த ஒரு சொல்லை நம்பி, ரசீதும் கேட்காமல் 480 டொலரை அப்பொழுதே அனுப்பினேன்.

திருகாணியை மூன்றாம் முறை இறுக்கியபோது தட்டின் சிவப்புப் பூச்சு வெங்காயத் தோல் போலச் சுருண்டு எழும்பி, வைனோடு சேர்ந்து வாளிக்குள் ஓடியது. அடியில் தெரிந்தது வெறும் இரும்பு. வைனின் புளிப்பு இரும்பைக் கரைக்கும் என்பதும், கரைந்த இரும்பு சுவையைக் கெடுத்து வைனைக் கலங்கச் செய்யும் என்பதும் இதை விற்கும் ஒருவருக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை.

அன்றிரவே அழைத்தேன். முதலில் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். மறுநாள், அளவுக்கு மிஞ்சி இறுக்கியது என் பிழை என்றார். அதற்கு மறுநாள், பழம் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். பழம் படாமல் ஒரு பிரஸ்ஸைச் சோதிப்பது எப்படி என்ற என் கேள்விக்குப் பதிலில்லை. இப்போது என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். தளத்தாரோ, பணம் தங்கள் வழியாகச் செல்லவில்லை என்று இரண்டு வரியில் கைகழுவிவிட்டனர். 480 டொலர்! பழத்தின் காசை நான் இதில் சேர்க்கவேயில்லை.

வாங்கும் முறையை விரிவாக எழுதவே உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. நேரில் சென்று பாருங்கள். தட்டின் பூச்சை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சாறு படும் இடமெல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருந்தால் நல்லது. ரசீது கைக்கு வராமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.