சேலத்தில் வாங்கிய முதல் தூண்டில்: நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்ற தை மாதம் சேலம் நகரில் உள்ள ஒரு கடையில், புதிதாக மீன்பிடிக்கக் கற்பவர்களுக்கென்று விற்கப்படும் தூண்டில் தொகுப்பு ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு துண்டுகளாகப் பிரியும் 7 அடி பைபர் (கண்ணாடியிழை) ராடு, 3000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், அதில் ஏற்கெனவே சுற்றப்பட்டிருந்த நைலான் நரம்பு, ஒரு சிறு பெட்டியில் முட்கள், தக்கைகள், ஈயக்குண்டுகள், பிளாஸ்டிக் மீன்கள், இவற்றோடு தோளில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்றும் இருந்தது. நானும் பன்னிரண்டு வயதான என் அக்கா மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூலாம்பட்டிக் காவிரிக் கரையில் இதைப் பயன்படுத்தி வருகிறோம். அதற்கு முன் இருவருமே மூங்கில் தூண்டிலைக்கூடப் பிடித்ததில்லை.

முதலில் ராடைப் பற்றிச் சொல்கிறேன். கடைக்காரர் இதைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலான கார்பன் ராடையே பரிந்துரைத்தார். கார்பன் எடை குறைவானது என்பதும், மீன் இரையைத் தொடுவதைக் கைக்கு நன்றாக உணர்த்தும் என்பதும் உண்மைதான். ஆனால் கற்கும் காலத்தில் ராடு பாறையில் இடிபடும், கீழே விழும், காரின் கதவில் சிக்கும்; இவற்றையெல்லாம் தாங்குவது பைபர்தான். தவிர, கார்பன் மின்சாரத்தை நன்கு கடத்தக்கூடியது என்பதால், கரையோரத் தோட்டங்களின் மேல் தாழ்வாக மின்கம்பிகள் செல்லும் நம் பகுதியில், சிறுவன் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த ராடாக இருந்தாலும், நனைந்த நிலையில் மின்கம்பிக்கு அடியில் உயர்த்திப் பிடிக்கக் கூடாது.

ராடின் அடிப்பகுதியில் 10–30 கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஈயமும் தக்கையும் இரையும் சேர்ந்த மொத்த எடை இந்த வரம்புக்குள் இருந்தால்தான் ராடு சரியாக வளைந்து வீசும். முதல் நாள் இதை அறியாமல் ஒரேயொரு சிறு ஈயக்குண்டைக் கட்டி வீசி, இரை காலடியிலேயே விழுவதைக் கண்டு எங்கள் வீச்சில்தான் பிழை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

இந்தத் தொகுப்பின் உண்மையான குறையை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டோம். கனமான மீன் ஒன்று இழுத்தது. ராடு வில்லாக வளைந்தது. அடுத்த கணம் கை லேசாகிவிட்டது. நரம்பு அறுந்துவிட்டது என்று நான் சொல்ல, பக்கத்தில் கைத்தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் அதன் நுனியை வாங்கி விரலில் வைத்துப் பார்த்தார். நுனி பன்றிவால்போலச் சுருண்டிருந்தது. "இது அறுந்ததில்ல தம்பி, அவுந்தது. முடிச்ச இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டுக்கோ" என்றார். காய்ந்த நைலானை அப்படியே இறுக்கினால் உரசலில் சூடேறி அந்த இடம் வலுவிழந்துவிடும். நனைத்து இறுக்கினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகப் படியும். முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, நுனியை அந்த நரம்பின் மேலேயே ஆறு சுற்றுச் சுற்றி, முள்ளை ஒட்டியுள்ள கண்ணியில் நுனியை நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் செலுத்தி, நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். இந்த ஒரு முடிச்சைக் கற்க எங்களுக்கு ஒரு முழு மாலை பிடித்தது. தொகுப்போடு வந்த விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது வாரம் மறுபடியும் மீனை இழந்தோம். இந்த முறை நுனி சுருளவில்லை. சொரசொரப்பாகவும் வெளிறியும் இருந்தது. வீட்டுக்கு வந்து, பெரியவர் சொன்னபடி, சிறிது பஞ்சை எடுத்து, ராடில் நரம்பு நுழைந்து செல்லும் வளையங்கள் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் இழுத்துப் பார்த்தோம். நுனியிலிருந்து மூன்றாவது வளையத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், ஒவ்வொரு வீச்சிலும் நரம்பைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறது. பயன்படுத்திய பொருளை மாற்றித் தர இயலாது என்று கடையில் கூறிவிட்டார்கள். அது எனக்கு வருத்தமே. புதிதாக வாங்குபவருக்கு இப்படியொரு சோதனை இருப்பதே தெரியாது என்பது விற்பவருக்குத் தெரியும். பிறகு அந்த வளையத்தை நீக்கிவிட்டு, 40 ரூபாய்க்கு வேறொன்று வாங்கி, நூலால் நெருக்கமாகச் சுற்றி எப்பாக்ஸி பசை பூசி நாங்களே பொருத்தினோம்.

ரீல் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைக்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றும்போது தடையில்லாமல் சுழல்கிறதா, டிராக் திருகைத் தளர்த்தினால் நரம்பு விட்டுவிட்டு வராமல் சீராக வெளியே வருகிறதா என்பவற்றைப் பார்த்தால் போதும். டிராக் என்பது, மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுவதற்கு முன்பே ரீல் அதைச் சிறிது விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. நரம்பு தாங்கும் எடையில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை வைப்பது வழக்கம். எங்கள் நரம்பு 5 கிலோ தாங்கும் என்பதால், நுனியைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்து, தராசு முள் ஒன்றரைக் கிலோவைத் தொடும்போது ரீல் நரம்பை விடும்படி திருகை அமைத்துக்கொண்டோம். நாங்கள் முதலில் செய்ததைப்போல முழுவதும் இறுக்கி வைத்தால், ரீலில் டிராக் இருந்தும் பயனில்லை. வீசுவதற்காகத் திறந்த, நரம்பை ரீலுக்கு வழிநடத்தும் வளைகம்பியை, வீசி முடித்ததும் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. அப்படிச் செய்யத் தொடங்கியதும், தளர்ந்த நரம்பு ரீலில் கண்ணியாக விழுந்து சிக்குவது பெருமளவு குறைந்துவிட்டது.

ரீலில் சுற்றி வந்த நரம்பு எதற்கும் உதவாது. தடித்து விறைத்து, நெடுநாள் சுற்றியே கிடந்ததால் சுருள் சுருளாகவே வெளியே வந்தது. 180 ரூபாய்க்கு 0.28 மில்லிமீட்டர் நரம்பு வாங்கி, ரீலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறையும் அளவுக்குச் சுற்றிய பிறகுதான் வீச்சு நீண்டது. முட்களின் கதையும் அதுவே. பெட்டியிலிருந்தவை பெரும்பாலும் 1/0 அளவுள்ள பெரிய முட்கள். இங்கே தொடக்கக்காரர் கையில் முதலில் சிக்குவது ஜிலேபிதான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் ஏரிகளெங்கும் பெருகிவிட்ட அந்த மீனின் சிறிய வாய்க்கு 8 அல்லது 10-ஆம் எண் முள்ளே பொருந்தும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். 1/0, 2/0 என்று சாய்கோடு போட்ட எண்களில் மட்டும் இது தலைகீழ். 60 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் 10-ஆம் எண் முள் வாங்கி, அரை நாக்குப்பூச்சியை (மண்புழுவை) கோத்துப் போட்ட அன்றுதான் பையனின் முதல் மீன் கரையேறியது. உள்ளங்கையகல ஜிலேபி. ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, அவனே ஆற்றில் விட்டான்.

தக்கைகளும் பையும் பரவாயில்லை. மும்முள் பொருத்திய பிளாஸ்டிக் மீன்களைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

எங்கே தூண்டில் போடுவது என்பதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். மேட்டூர் அணையில் மீன்வளத்துறையின் உரிமம் பெற்ற மீனவர்கள்தான் மீன் பிடிக்கிறார்கள். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அது குத்தகை எடுத்தவர்களுடைய பிழைப்பு என்பதால், பொழுதுபோக்குக்குப் போகும் நாம் கேட்டு அனுமதி பெற்ற பிறகே கோலை நீட்ட வேண்டும். ஏற்காடு ஏரி படகு சவாரிக்கான இடம். தூண்டிலோடு மலையேற வேண்டாம். காவிரியில் கதவணைகளை நெருங்கக் கூடாது. வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் ஆற்றின் போக்கே மாறிவிடும். கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் வரும் நாட்களில் நாங்கள் கரைக்கே போகமாட்டோம்.

நரம்பு, முள், வளையம் ஆகியவற்றுக்கு மேலும் 280 ரூபாய் செலவாகி, மொத்தம் 2,130 ரூபாய் ஆகியிருக்கிறது. மீண்டும் வாங்குவதானால் இதே ராடையும் ரீலையும் தனியாகக் கேட்டு வாங்குவேன்; தொகுப்பாகத்தான் தருவோம் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பஞ்சை எடுத்து எல்லா வளையங்களிலும் இழுத்துப் பார்ப்பேன்.