சாய்வு ஏணியா, மடக்கு ஏணியா, சாரமா: இடிக்கிற வேலைக்கு எது?

ஏணியிலிருந்து விழுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, "ரெண்டு மீட்டர்தானே" என்பார்கள். அந்த இரண்டு மீட்டரில் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். காலை ஊன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தால், டாக்டர்கள் முதுகெலும்பையும் சேர்த்தே பார்ப்பார்கள், ஏனென்றால் அதே அதிர்ச்சி இடுப்பு வரை ஏறியிருக்கும்.

சாய்வு ஏணி மேலே போய் இறங்க நல்லது. 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் ஏணிக்காலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஏறிச் சேரும் தளத்துக்கு மேல் 3 அடி நீட்டி, உச்சியைக் கட்டிவிட்டால் சரி. ஆனால் இடிக்கும் இடத்தில் அது சாய்ந்திருக்கும் சுவரையே அல்லவா நாம் உடைக்கிறோம்! கீழே ஜல்லியும் உடைந்த செங்கலும் கிடக்கும்போது ஏணிக்கால் வழுக்காமல் என்ன செய்யும்?

மடக்கு ஏணிக்குச் சுவர் தேவையில்லை, அதுதான் அதன் பலம். பலவீனம் பக்கவாட்டில். வேலை பக்கத்தில் இருக்க, ஏணியில் ஏறி இடுப்பைத் திருப்பி டிரில்லை அழுத்தினால், அந்த விசை ஏணியின் குறுகலான பக்கத்தில்தான் விழுகிறது. அப்புறம் இறங்கி நகர்த்தச் சோம்பல்பட்டு "இன்னும் ஒரு கைதான்" என்று எட்டுவோமே, அங்கேதான் கவிழும். உச்சிப் பலகையில் நிற்பவர்களைப் பற்றி என்ன சொல்ல.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் கை. ஏணியில் இரண்டு கால், ஒரு கை எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பார்கள். சுவரை உடைக்கும் பிரேக்கர் மெஷினை ஒரு கையால் பிடிக்க முடியுமா? பிடித்தாலும் அது உதைக்கிற உதையில் ஆள் பின்னால் போவார். அதனால் என் ஓட்டு கைப்பிடிக் கம்பி வைத்த சக்கரச் சாரத்துக்கு. கோர்க்க நேரமாகும், குறுகலான மாடிப்படியில் நுழையாது, தரை சமமாக இருக்க வேண்டும், எல்லாம் உண்மைதான். இருந்தாலும் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது, பின்னால் தள்ளினால் தாங்கக் கம்பி இருக்கிறது.

சாரத்திலும் விழுகிறார்கள், மறுக்கவில்லை. சக்கரத்தின் பிரேக்கைப் போடாமல் விடுவார்கள், இல்லையென்றால் ஆள் மேலே நிற்கும்போதே கீழிருந்து தள்ளுவார்கள்.