பிரதமர கவுக்குறது எங்க ஈஸி? இந்தியாவா ஜெர்மனியா

ரெண்டுமே பார்லிமென்ட் சிஸ்டம்தான், ஆனா எது பெட்டர்னு கேட்டா நிறைய பேர் குழம்புறாங்க.

தகுதி:
இந்தியா – எம்பியா இல்லாமலே பிரதமர் ஆகலாம், ஆனா 6 மாசத்துல ஏதாவது ஒரு சபைக்குள்ள வந்துடணும். 1996ல தேவகவுடா அப்படித்தான் வந்தார், அப்புறம் ராஜ்யசபா போனார்.
ஜெர்மனி – சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி பதவி) எம்பியா இருக்கணும்னே இல்ல, கெடுவும் கிடையாது.

எத்தனை தடவை:
ரெண்டு பக்கமும் லிமிட் இல்ல. ஜெர்மனில சான்சலரா இருந்த கோல், மெர்க்கல் ரெண்டு பேருமே 16 வருஷம் ஓட்டுனாங்க!

கவுக்குறது:
இந்தியா – மெஜாரிட்டி போச்சுன்னா ஆட்சி காலி, அடுத்து யாருன்னு யோசிக்கவே வேணாம். 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டுல தோத்தார், 269க்கு 270, ஆனா கவுத்தவங்களால வேற ஆட்சி அமைக்க முடியல, கடைசில திரும்ப எலெக்‌ஷன்.
ஜெர்மனி – புது ஆள மெஜாரிட்டியோட தேர்ந்தெடுத்தாதான் பழைய ஆள எதிர்க்கட்சி இறக்க முடியும். 1972ல சான்சலர் பிராண்ட்ட இறக்கப் பாத்து 2 ஓட்டு பத்தல, 1982ல ஷ்மிட்ட இறக்கிட்டு கோல் வந்தார். இதுவரைக்கும் ஜெயிச்சது அந்த ஒண்ணுதான்.

கூட்டணி அடிக்கடி உடையுற நாட்டுக்கு ஜெர்மனி ரூல்தான் செட் ஆகும்னு எனக்குத் தோணுது. பிரதமருக்கு எப்பவும் ஒரு பயம் இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம ரூலே போதும்.